கனகலட்சுமியின் கட்டைவிரல்

கனகலட்சுமிக்கு எதைக் கண்டால்தான் பயம் இல்லை? குக்கர் விசிலடிக்கப் போகிறது என்றால் அடுப்படியை விட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். பஸ்ஸில் முன் சீட்டிலும் உட்கார மாட்டாள், கடைசி சீட்டிலும் உட்கார மாட்டாள். கைப்பிடி இல்லாத மாடிப்படி உள்ள வீட்டில் விசேஷம் என்றால், கீழேயே நின்று மொய் எழுதிவிட்டு, பந்தி மாடியில் என்று தெரிந்ததும் பசி இல்லை என்று திரும்பிவிடுவாள். சங்கரன்கோவிலில் அவள் குடியிருக்கும் தெருவுக்குப் போய் ‘பயந்தாங்கொள்ளி கனகா’ என்று கேட்டால் போதும், யாரானாலும் கை நீட்டி வீட்டைக் காட்டிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவள்தான் இன்றைக்கு இந்த வட்டாரத்தில் வயலுக்கு மருந்தடிக்கிற டிரோனை ஓட்டுகிறாள். சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

பிறந்தது கரிவலம்வந்தநல்லூர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேச்சிராஜாவைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவில் வந்தவள், நைட்டி தைக்கிற கம்பெனியில் மிஷினுக்கு உட்கார்ந்தாள். ஊசி விரலில் ஏறிவிடுமோ என்று பயந்து பயந்து தைத்ததால், கூட இருந்தவர்கள் விரலிலெல்லாம் ஊசி ஏறியும் அவள் விரலில் மட்டும் ஏறவே இல்லை. இப்படி இருக்கும்போதுதான் அவளுடைய மகளிர் குழுவுக்கு அரசாங்கத் திட்டத்தில் டிரோன் வந்தது. யாராவது ஒருத்தி வெளியூர் போய்ப் பயிற்சி எடுத்துவர வேண்டும். “யாருட்டி போறது?” என்று குழுத் தலைவி நிர்மலாதேவி கேட்டதும் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கனகலட்சுமி மட்டும் பயத்தில் கழுத்து விறைத்துப்போய், குனிய முடியாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். நிர்மலாதேவி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

பயிற்சி முடிந்து வந்தவளுக்குப் பயம் போனதா என்றால், எங்கே போனது? இன்னும் கூடிப்போயிற்று. பறக்கவிடும் முன்னால் ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்ப்பாள். இறக்கை ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பார்ப்பாள். ரிமோட்டில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகள் அவசரத்தில் கண்ணை ஏமாற்றிவிடும் என்று பயந்து, பள்ளிக்கூட நோட்டுக்கு ஒட்டுகிற சின்ன லேபிள்களில் தமிழில் எழுதி ஒட்டிவைத்தாள். இடது பக்கம் ‘வேண்டாம்’. வலது பக்கம் ‘வீடு’. வீடு என்பதை அமுக்கினால் டிரோன் எங்கே இருந்தாலும் செய்கிற வேலையை விட்டுவிட்டு மேலே எழும்பி, புறப்பட்ட இடத்துக்கே நேர்கோட்டில் திரும்பி வந்துவிடும். வேண்டாம் என்பதை அமுக்கினால் போட்ட கட்டளை ரத்து.

பேச்சிராஜா விசைத்தறிக்குப் போவதை விட்டுவிட்டு அவளுக்குத் துணையாக வந்தான். மருந்து கலக்குவது, பேட்டரி மாற்றுவது எல்லாம் அவன். டிரோன் பறக்கும்போது வயலின் மறுகோடியில் போய் நின்றுகொள்வான். மருந்து தீர்ந்து தூறல் நின்றதும் அங்கிருந்து தொண்டை கிழியக் கத்துவான்: “வீடூ!” இவள் அமுக்குவாள். டிரோன் வண்டி திரும்பி வரும். ஒரு நாளைக்கு எத்தனை டேங்க், எத்தனை வயல்! அவன் கத்துவதற்கும் இவளுடைய வலது கட்டைவிரல் அமுங்குவதற்கும் நடுவில் யோசனை என்று ஒன்று இல்லாமலே போயிற்று. சாப்பிடும்போது அவன் ‘வீடு’ என்று எதையாவது பேச்செடுத்தால்கூட அந்த விரல் சோற்றுக்குள் ஒருமுறை அசையும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அன்றைக்கு வாசுதேவநல்லூர் ரோட்டை ஒட்டி, பிச்சையா அண்ணாச்சியின் மக்காச்சோளக் காட்டில் வேலை. புழு விழுந்து குருத்தைத் தின்றுகொண்டிருந்தது. சாமானெல்லாம் ஏற்றிவந்தது பாதுஷாவின் லோடு ஆட்டோ. காலையில் வெட்டவெளியில் நின்றுதான் பறக்கவிட்டாள். வெயில் ஏறியதும் பிச்சையா அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. “ஏம்மா, வெயில்ல ஏன் காயுத? ஓடைக்கு அங்கன மருத மரத்து நிழல்ல நின்னு ஓட்டேன்” என்றார். நல்ல மனுஷன், நல்லதுக்குத்தான் சொன்னார். அவர்களும் பேட்டரியை மாற்றி, மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வண்டியைக் கிளப்பினார்கள்.

மறந்தது ஒன்றே ஒன்றுதான். வண்டி புறப்பட்ட இடம் மாறினால் அதற்கு வீடும் மாறிவிடும். வயலுக்கும் புது வீட்டுக்கும் குறுக்கே இப்போது மருத மரம் நின்றது. எத்தனை உயரத்தில் திரும்பி வர வேண்டும் என்று காலையில் வெட்டவெளிக்குப் போட்ட அளவு, மரத்தின் பாதிக்குக்கூட மேலே வராது. அத்தனை திருகையும் தொட்டுப் பார்த்தவள் அதை மட்டும் பார்க்கவில்லை. “வீடூ!” என்று பேச்சிராஜா கத்தினான். விரல் அமுங்கியது. வண்டி எழும்பி, நூல் பிடித்த மாதிரி நேராக வந்து, மரத்துக்குள் புகுந்தது. கிளை முறிகிற சத்தமும் இலை கொட்டுகிற சத்தமும் கேட்டன. அப்புறம் சத்தமே இல்லை.

“யம்மா!” என்று கத்தியவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் மரத்தடிக்கு ஓடிவந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில், இரண்டு கிளைகளின் கவட்டையில் ஒருக்களித்து மாட்டிக்கிடந்தது. விளக்கு மட்டும் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருந்தது. “போச்சா?” என்று பாதுஷா கேட்டு வாய் மூடவில்லை, மேலே ஒரு உறுமல். ஆறு இறக்கையும் ஒன்றாகச் சுழன்று, மருத இலையைப் பொடிப்பொடியாக அரைத்துத் தலையில் கொட்டின. கைத்தடி கனத்துக்கு ஒரு கொப்பு வெட்டுப்பட்டுப் பிச்சையா அண்ணாச்சியின் காலடியில் விழுந்தது. அவர் பின்னால் துள்ளியதில் வேட்டி அவிழ்ந்தது. கனகலட்சுமி ‘வேண்டாம்’ பட்டனை அமுக்கினாள். உறுமல் நின்றது.

“எளவு, தானா சுத்துதே!” என்றார் அண்ணாச்சி, வேட்டியை அள்ளிக்கொண்டு.

“அதுக்கு வீட்டுக்கு வரணும் அண்ணாச்சி” என்றாள் கனகலட்சுமி. “வீட்டுக்கு வான்னு சொல்லிட்டேன்லா, வந்து சேருத வரைக்கும் விடாது. தடை இருக்கு, மறுபடி வரட்டுமான்னு கேக்கும். உடனே வேண்டாம்னு அமுக்கணும், அதுவும் அந்த நேரத்துக்குத்தான் நிக்கும். அமுக்கலன்னா அதுவா கெளம்பிரும்.”

“அப்போ ரிமோட்ட ஆஃப் பண்ணிரு மதினி” என்றான் பாதுஷா.

“ஆஃப் பண்ணினா நான் தொலஞ்சிட்டேன்னு நெனச்சி, அப்பவும் வீட்டுக்குத்தான் கெளம்பும்.”

அதோடு ரிமோட் அவள் கையை விட்டு இறங்க முடியாமல் போயிற்று. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் அது பீப் பீப் என்று கேட்கும். இடது கட்டைவிரலால் வேண்டாம் என்பாள். மறுபடி கேட்கும். மறுபடி வேண்டாம்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார்கள். தீயணைப்பு வண்டி எங்கேயோ கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். மேற்கே மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. காற்று கிளம்பியதும் மரம் மேலே ஒருதரம் அசைந்தது. டிரோனும் கூடச் சேர்ந்து ஆடியது.

பேச்சிராஜா சட்டையைக் கழற்றினான்.

“என்ன செய்யுதீக?” என்றாள் கனகலட்சுமி.

“ஏறப் போறேன்.”

“ஐயோ, வேண்டாங்க! பேட்டரி தீரட்டும். தீந்துட்டா சுத்தாது. அப்புறம் பாத்துக்கிடலாம்.”

“அது தீருததுக்குள்ள மழ வந்துரும்ட்டி. மழ வந்தா மரம் வழுக்கும், ஒருத்தனும் ஏற முடியாது. காத்துல கீழ விழுந்துச்சுன்னா அப்பளம். நாளைக்கு குழுப் பொம்பளைக அத்தன பேரும் உன்னத்தான் கேப்பாளுக. ‘பயந்தாங்கொள்ளி கையில குடுத்தோம், ஒடச்சிட்டா’ன்னு சொல்லுவாளுக. நான் கேட்டுக்கிட்டு இருக்கணுமாக்கும்?”

தனக்காகத்தான் ஏறுகிறான் என்று தெரிந்ததும் பயம் இரண்டு பங்காயிற்று. கீழே விழுவான், இல்லையென்றால் இறக்கை வெட்டும். இரண்டில் ஒன்று நடக்கப்போகிறது என்று அடிவயிறு சொன்னது. அந்த அடிவயிறு ஒவ்வொரு நாளும் எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் இன்றைக்குச் சொன்னது வேறு குரலில் கேட்டது.

பாதுஷா லோடு ஆட்டோவிலிருந்து ஏணியையும் நைலான் கயிற்றையும் கொண்டுவந்தான். கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு பேச்சிராஜா ஏறுவது. மேல் கிளையில் கயிற்றைப் போட்டு, நுனியை டிரோனில் கட்டுவது. கையை உள்ளே விட்டு பேட்டரியைக் கழற்றுவது. அப்புறம் கீழே நிற்பவர்கள் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி இறக்குவது. இதுதான் திட்டம்.

“நீ மேல இருந்து விடுன்னு சொல்லுல பேச்சி” என்றார் பிச்சையா அண்ணாச்சி. “நாங்க கயித்த விடுதோம். புடின்னு சொன்னா புடிக்கோம். அவ்வளவுதான்.”

கனகலட்சுமி இடைமறித்தாள்.

“அண்ணாச்சி, அந்த வார்த்த வேண்டாம்!”

“எந்த வார்த்தம்மா?”

“விடுங்கிறது. அவ்வளவு ஒசரத்துல இருந்து கத்தினா இழுத்துத்தான் கத்துவாக. விடூன்னு கேக்குமா, வீடூன்னு கேக்குமா? எனக்கு வீடுன்னுதான் கேக்கும். நான் அமுக்கிருவேன்.”

பாதுஷாதான் முதலில் சிரித்தான். “மதினிக்குப் பயப்படுததுக்கு இன்னிக்கு எழுத்துகூட கெடச்சிட்டு.”

“சிரிக்காத தம்பி, சத்தியமாச் சொல்லுதேன்.”

“சரி, சரி” என்றான் பேச்சிராஜா. “விடுன்னு சொல்லல. தளத்துன்னு சொல்லுதேன். போதுமா? தளத்து, புடி. கேட்டுக்கிட்டியளா அண்ணாச்சி?” அவள் கன்னத்தில் லேசாகத் தட்டிவிட்டு ஏணியில் கால் வைத்தான்.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவளுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. பிறந்ததிலிருந்து கயிற்றைப் பார்த்தால் ‘விடு’ என்று சொல்லிப் பழகிய வாய், எறும்பு கடிக்கும்போதும் கால் வழுக்கும்போதும் ‘தளத்து’ என்று ஞாபகமாகச் சொல்லுமா? ‘வீடு’ லேபிளைக் கிழித்துப் போட்டாள். என்ன பிரயோஜனம்? லேபிளைப் படித்தா அந்த விரல் அமுக்குகிறது? அதற்கு அவன் குரல் கேட்டால் போதும். வேறு யார் கையிலாவது ரிமோட்டைக் கொடுக்கலாம் என்றால், எதை எப்போது அமுக்க வேண்டும் என்று வேறு யாருக்குத் தெரியும்?

ரிமோட்டை இடது கையில் பிடித்தபடி பல்லால் முந்தானையின் ஓரத்தைக் கடித்துக் கிழித்தாள். வலது கட்டைவிரலை உள்ளங்கையோடு மடக்கி, கிழிசலைச் சுற்று மேல் சுற்றாகச் சுற்றினாள்.

“இத முடிச்சிப் போடு தம்பி. நல்லா இறுக்கி.”

பாதுஷாவுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. இறுக்கி முடிச்சுப் போட்டான்.

மருத மரத்தில் பிடிப்பு கிடையாது, பட்டை வழவழவென்றிருக்கும். பேச்சிராஜா ஏணி முடிந்த இடத்திலிருந்து முதல் கிளைக்கு எட்டிப் பிடிக்கும்போது கால் ஒருதரம் அந்தரத்தில் தொங்கியது. கனகலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் ரிமோட் கேட்பது தெரியாது என்பதால் உடனே திறந்தாள். பீப் பீப். வேண்டாம். மேலே பார்த்தாள். அவன் இரண்டாவது கிளையில் இருந்தான். பீப் பீப். வேண்டாம். ‘சங்கரநாராயணா, கோமதித்தாயே, அவுகளப் பத்திரமா எறக்கி விடு’ என்று முணுமுணுத்தாள். ‘விடு’ என்று தன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“முசுறு, முசுறு!” என்று மேலிருந்து அவன் குரல் வந்தது. சிவப்பு எறும்புக் கூட்டைக் கலைத்துவிட்டான். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கழுத்தையும் முதுகையும் தட்டுவது தெரிந்தது.

“எறங்கிருங்க!” என்று கத்தினாள்.

“வந்துட்டேன்ட்டி, பக்கத்துல வந்துட்டேன்!”

கயிற்றை மேல் கிளையில் போட்டான். நுனியை டிரோனின் காலில் கட்டினான். கீழே பிச்சையா அண்ணாச்சியும் பாதுஷாவும் மறுநுனியை இழுத்துப் பிடித்தார்கள். பேட்டரி அந்தப் பக்கமாகத் திரும்பியிருந்தது. அவன் கிளையில் குப்புறப் படுத்து, வலது கையை இரண்டு இறக்கைகளுக்கு நடுவே தோள் வரைக்கும் உள்ளே விட்டான். பீப் பீப். வேண்டாம். உள்ளே போன அவன் கையை மாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷமாகத் தன் தலையைத் தொட்ட கை அது.

அப்போது காற்று வீசியது. மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே நின்ற இரண்டு பேரும் வண்டி விழுந்துவிடும் என்று பயந்து கயிற்றை வெடுக்கென்று இழுத்தார்கள். இழுத்ததும் டிரோன் மேலே தூக்கி, பேச்சிராஜாவின் கையைக் கிளையோடு வைத்து நெரித்தது. மேலே அலறல் கேட்டது.

“ஆ! அண்ணாச்சி! வீ… டூ! வீடூ!”

வலது கட்டைவிரல் அமுங்கியது.

அவள் அமுக்க நினைக்கவில்லை. எதையும் நினைக்கவில்லை. விரல் தானாகவே கட்டுக்குள் திமிறி, துணி நரம்பை அறுக்கிற அளவுக்கு முட்டியது. ஒரு தரம், அவன் மறுபடி கத்தியதும் இன்னொரு தரம். முடிச்சு இளகவில்லை. பட்டன் அங்கேயே, நகக்கண் தூரத்தில், தொடப்படாமல் கிடந்தது. அதைப் பார்த்தபடியே அவள் நின்றாள்.

“கயித்ததான் சொல்லுதான் பாய், தளத்து, தளத்து!” என்று அண்ணாச்சி கத்துவது எங்கோ கேட்டது. கயிறு இளகியது. மேலே கை விடுபட்டது. பீப் பீப் என்று ரிமோட் கேட்க ஆரம்பித்து, பாதியில் நின்றது. திரை கருத்தது. சிவப்பும் பச்சையும் அணைந்தன. பேட்டரியைக் கழற்றிவிட்டான்.

அதன் பிறகு வண்டி இறங்கியதையோ அவன் இறங்கியதையோ அவள் சரியாகப் பார்க்கவில்லை. இறங்கியவன் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. ஆனாலும் மாப்பிள்ளை முறுக்கு குறையவில்லை. “பாத்தியளா அண்ணாச்சி, ஒரு றெக்கதான் போயிருக்கு. வண்டி முழுசா இருக்கு” என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டில் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தான்.

“என்னட்டி இது, காயமா?”

பாதுஷா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். முட்டி முட்டி அது இறுகிப்போயிருந்தது. அரிவாள் நுனியால்தான் அறுக்க முடிந்தது. விரல் நீலம் பாரித்துக் கிடந்தது.

“நீங்க விடுன்னு கத்தினீக” என்றாள்.

“நானா? தளத்துன்னுதானே…” அவன் யோசித்தான். “விடுன்னா சொன்னேன்? சொல்லியிருப்பேன். கை நெரிஞ்சிட்டு, வாயில வந்தது வந்துட்டு. கயித்தத்தானே சொன்னேன்.”

“எனக்கு வீடுன்னு கேட்டுச்சி.”

“கேட்டு, என்ன செஞ்ச?” சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

“அமுக்கினேன். ரெண்டு தரம்.”

அவன் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அவளுடைய விரலைப் பார்த்தான். பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். முழங்கைக்கு மேலே, இறக்கையின் ஓரம் அழுந்திய இடத்தில் கோடு போட்ட மாதிரி ஒரு தடம் இருந்தது. பிச்சையா அண்ணாச்சி, வெட்டுப்பட்டுத் தன் காலடியில் விழுந்த கொப்பை எடுத்து யாரும் பார்க்காதபடி ஓடைக்குள் எறிந்தார். பேச்சிராஜா வரப்பில் உட்கார்ந்தான். மழை வந்தது. எல்லோரும் ஆட்டோவுக்குள் ஓடினார்கள், அவன் மட்டும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. கனகலட்சுமி நனைந்துகொண்டே பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

றெக்கையை மாற்றி, அடுத்த வாரமே மறுபடி வேலைக்குப் போனார்கள். கரிவலம்வந்தநல்லூர் பக்கம், வெட்டவெளிக் காடு, கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு மரம் இல்லை. திரும்பி வருகிற உயரத்தை அவள் மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் கிளப்பினாள். மருந்து தீர்ந்தது. தூறல் நின்றது. மறுகோடியில் அவன் நிற்பது தெரிந்தது. விரல் காத்திருந்தது. சத்தம் வரவில்லை. வாயைத் திறப்பதும் மூடுவதும் தூரத்திலிருந்தே தெரிந்தது. பிறகு தோளில் கிடந்த அழுக்குத் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே வீசினான். அவள் அமுக்கினாள்.

“என்ன ஆச்சு, கத்தலியே?” என்று அவன் வந்ததும் கேட்டாள்.

“தொண்ட கட்டியிருக்குட்டி” என்றான். முகத்தைப் பார்க்காமல் மருந்து கலக்கப் போய்விட்டான்.

பயந்தவர்களைப் பார்த்தால் கனகலட்சுமிக்குத் தெரியாதா என்ன? அதற்கு மேல் கேட்கவில்லை, கேலியும் செய்யவில்லை. சாயங்காலம் பஜாருக்குப் போய், எத்தனை தூரத்தில் நின்று வீசினாலும் கண்ணில் படுகிற மாதிரி நல்ல சிவப்பில் அவனுக்கு ஒரு துண்டு எடுத்தாள்.